கல்யாணத் தட்டைக் கவிழ்த்த பிரேக்

பொண்ணு வீட்டார் வருகிறார்கள் என்றால், மாப்பிள்ளை தன் கிறுக்குத்தனத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒளித்துவிட வேண்டும். என்னால் அது முடியவில்லை. என்னுடையது கட்டிலைவிடப் பெரியது.

அப்போது எனக்குப் பஸ் ஓட்டும் வீடியோ கேம் பைத்தியம். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பஸ் ஓட்டுவது அவமானமாக இருந்தது. (கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. கை சும்மா இருக்குமா?) கன்ட்ரோலரைப் பிரித்து, சிம்மக்கல் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்த பஸ் ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் பிரேக்குக்கும் ஒயர் இழுத்தேன். அதோடு வாங்கிய டிரைவர் சீட்டுக்கு அடியில், இன்ஜின் அதிர்வுக்காக, மிக்ஸி மோட்டார். (அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடைச் சட்னிதான்.) பிரேக்கை மிதித்தால் சீட்டே முன்னால் ஒரு வெட்டு வெட்டும். முதல்முறை உட்கார்ந்தபோது எனக்கே புல்லரித்துவிட்டது.

"டேய், பெட்ஷீட்டப் போட்டு மூடுடா. பஸ் டிப்போவுக்கா பொண்ணக் குடுப்பாக?" என்றாள் அம்மா.

மூடினேன். ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. (நான்தான் இழுத்துவிட்டேன்.)

திருவாதவூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். வயலும் ஆடுமாய் வாழ்கிற குடும்பம். வீடு பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பொண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போயிருந்தது. ஆனால் பொண்ணின் தாய்மாமன் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும். அவரோ காபியைக்கூடத் தொடாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார். அவர் கண் ஸ்டியரிங்கில் விழுந்தது.

"இது என்னது மாப்ள?"

"பஸ் ஓட்டுற கேம் மாமா."

"ஓடுமா?"

போதாதா எனக்கு? போர்வையை உருவி, டிவியைப் போட்டு, அவரை சீட்டில் ஏற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீட் உறுமியது. உம்மென்றிருந்த முகம் மலர்ந்தது. வளைவு வந்ததும் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினார். (வெளியே என்பது எங்கள் ஜன்னல் திரை.) சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் வந்து நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "ரைட், போலாம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அம்மா தாம்பூலத் தட்டோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அண்ணே, நல்ல நேரம் முடியப் போகுது..."

"இந்தா வாரேன் தங்கச்சி. பாலத்தத் தாண்டிருவோம்."

பாலத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. மாமா எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். சீட் வெட்டியது, மாமா பொத்தென்று அதில் விழுந்தார். பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. தட்டும் சாய்ந்தது. தேங்காய் சோபாவுக்கு அடியில் உருண்டது. குங்குமம் முழுவதும் மாமாவின் வழுக்கைத் தலையில்.

தட்டு கவிழ்வதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அதையும் மீறி எனக்கு ஒரே பிரமிப்பு. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை, இத்தனை பேர் எப்படிச் சாய்ந்தார்கள்? நான் செய்த பிரேக்கா இது?

பொண்ணின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். குரல் நிஜமாகவே நடுங்கியது.

"தம்பி, ஆடு பொழச்சுக்கிருச்சா?"

எல்லோரும் டிவியைப் பார்த்தோம். ஆடு பாலத்தோரம் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

மாமா கண்ணில் வழிந்த குங்குமத்தைத் துடைத்தார். "பொழச்சுக்கிருச்சுக்கா. என்னா பிரேக்கு!"

"அப்புறம் என்னடா? உசுரக் காப்பாத்துன கையோட தட்ட மாத்து."

சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தேங்காயை எடுத்துக் கொடுத்தேன். தட்டு மாறியது.

கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு நிமிர்கிறேன், மண்டபமே கேட்கும்படி மாமா கத்தினார். "அக்கா, ஆடு மாட்டிக்கிருச்சு!"

இன்றைக்கும் மாமியார் போன் செய்தால் என்னை மாப்பிள்ளை என்று விசாரிப்பதில்லை. "ஆடு சாப்புட்டுச்சா?" என்றுதான் மகளிடம் கேட்கிறார்.

"எங்கம்மா சாப்புட்டுச்சு? இன்னும் பஸ்ஸ விட்டே எறங்கல" என்கிறாள் இவள்.