முனியாண்டி இரண்டு பேருக்கும் சரி சொன்னார்

கோத்தா திங்கி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு, உன் அப்பா ஐயாசாமி தன் கையாலேயே எழுதும் கடிதம்.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். கோட்டின் மேல் தொடங்குகிற வரி போகப்போகக் கீழே இறங்கிவிடுகிறது, மேட்டிலிருந்து செம்பனைக் குலையை உருட்டிவிட்ட மாதிரி. சில எழுத்து பெரிதாக இருக்கும், சில எழுத்து சின்னதாக இருக்கும். பெரிதாக இருப்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து, சின்னதாக இருப்பது சந்தேகம். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறி, எறும்பு வந்து குடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆனாலும் இதில் ஒரு எழுத்துகூட அடுத்தவர் எழுதியது இல்லை.

இங்கு நாங்கள் நலம், அங்கு நீயும் மருமகள் லோஷினியும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஷாமளா டீச்சர் சொன்னார். என் முழங்கால் நலமில்லை, உன் அம்மாவின் பல் நலமில்லை, என்ன செய்வது என்று கேட்டேன். "மொதல்ல நலம்னு எழுதுங்க ஐயா, அப்புறம் உண்மைய எழுதுங்க" என்றார். ஆகவே நலம்.

நீ போனில் குரல் அனுப்பியிருந்தாய். மருமகளுக்குத் தை மாதம் பிரசவம், அவளுக்கு அம்மா இல்லை, நாங்கள் இருவரும் மெல்பர்னுக்கே வந்துவிட வேண்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், ஒரேயடியாக அங்கேயே இருந்துவிடலாம், யோசித்து மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று. பதிலையும் குரலிலேயே அனுப்பினால் என்ன என்று நினைப்பாய். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டவன் பதிலை வாயால் சொல்வதானால் கற்றுக்கொண்டது எதற்கு? பொறுமையாக இரு.

தோட்டத்தில் சம்பள நாள்தோறும் மையில் தோய்ந்தது என் பெருவிரல்தான் என்பது உனக்கே தெரியும். உன் பள்ளிக்கூட மார்க் அட்டையிலும் அதையேதான் வைத்தேன். நீ என்ன மார்க் வாங்கினாய் என்று தெரியாமலே வைத்ததில் உனக்கும் நன்மைதான். இப்போது விரலுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன். மாரியம்மன் கோயிலில் நான் இத்தனை வருஷமாகச் செருப்பைக் கழற்றிவிடும் இடத்துக்கு நேர் மேலே, இங்கே செருப்பு விடாதீர் என்று எழுதியிருக்கிறதடா. படித்த அன்று நின்று நன்றாகச் சிரித்துவிட்டு, மறுபடி அங்கேயேதான் விட்டேன். பழகிய இடம். பேப்பரில் செத்தவர்கள் பக்கத்தை ஒருவரையும் விடாமல் படிக்கிறேன். நம் தோட்டத்தில் வேலை வாங்கின பழைய மண்டோர், மழையில் நனைந்துகொண்டு நின்றவனுக்கெல்லாம் அரை நாள் சம்பளத்தை வெட்டினாரே, அவருக்கு "அன்பே உருவானவர்" என்று போட்டிருந்தார்கள். எழுத்து இவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் என்று தெரிந்திருந்தால் முன்பே படித்திருப்பேன். இப்போது சொல், மெல்பர்னில் நான் எதைப் படிப்பது? போர்டெல்லாம் ஆங்கிலம். விமானத்தில் ஏறும்போது படித்தவன், இறங்கும்போது மறுபடி கைநாட்டு.

இதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் மனசு கோணக்கூடாதே என்று "உன் இஷ்டம் புள்ள" என்றேன். அவள் "உங்க இஷ்டம்ங்க" என்றாள். நான் "எனக்கென்ன, ஒனக்கு எது சரியோ அதுதான்" என்றேன். அவள் "நான் என்னைக்கு ஒங்க பேச்சத் தட்டியிருக்கேன்" என்றாள். இது பேப்பரில் மண்டோரைப் பற்றிப் போட்ட மாதிரி ஒரு பேச்சு. இப்படியே இஷ்டத்தை ஒருவர் தலையில் ஒருவர் தூக்கி வைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து முனியாண்டி தலையில் வைத்தோம்.

நம் தோட்டத்து முனியாண்டிதான். தோட்டத்தை விற்றுத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டியபோது நம்மோடு கிளம்பி வந்து, இப்போது சாக்கடை ஓரம் தகரக் கொட்டகையில் இருக்கிறாரே, அவர். வெளிநாட்டு விஷயத்தை அவரிடம் கேட்பது சரிதானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு யோசனை. கடப்பிதழ் எடுக்காதவர். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்ததுதான் அவர் போன ஒரே பயணம், அதுவும் லாரியில், மண்வெட்டிகளோடு. இப்போது செல்வாதான் அங்கே பூசாரி. அவன் மேலேதான் சாமியும் வரும். ஆனால் செல்வா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறான். ஆகவே வார நாளில் சாமிக்கும் லீவு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூப்போட்டுக் கேட்டோம்.

உனக்கு மறந்திருக்கும் என்று எழுதுகிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் நினைத்தது சரி, சிவப்பு வந்தால் கூடாது. செல்வா சொன்னான்: "மாமா, அத்த, ரெண்டு பேரும் மனசுக்குள்ளயே கேட்டுக்குங்க. வாயத் தொறந்து சொல்லிட்டா பூ பலிக்காது." நான் கண்ணை மூடி, முனியாண்டி, நான் இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டேன். செல்வா எடுத்தான், பிரித்தான், வெள்ளை. எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. ஓரக்கண்ணால் உன் அம்மாவைப் பார்த்தால், அவள் முகத்திலும் சிரிப்பு. அடடா, இவளுக்கும் இருக்கத்தான் ஆசை, தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே வடை சுட்டாள். நானும் ஒன்றும் பேசவில்லை, அவளும் ஒன்றும் பேசவில்லை. சாமியே சொன்ன பிறகு மனுஷன் பேச என்ன இருக்கிறது?

மறுநாளே சமையலறைக் கூரைக்குப் புதுத் தகரம் சொல்லிவிட்டேன். உன் அம்மா இட்லிச் சட்டியைப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவுக்குக் கொடுத்தாள். கூரை வேலைக்கு இடைஞ்சல் என்று கொடுக்கிறாள் என நினைத்தேன். அவளோ, புதுத் தகரம் போட்டால் வாடகை கூடக் கிடைக்கும் என்று இந்த மனுஷனுக்கும் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்திருக்கிறாள். நான் வேலியோரம் முருங்கைக் கொப்பு நட்டேன். குடி வருகிறவன் சாப்பிடட்டும், எவ்வளவு நல்ல மனசு என்று கண் கலங்கினாளாம். கோழிகளைக் கொடுத்தாள். வெள்ளம் வருகிற மாதம், கூண்டை எங்கே தூக்கி வைப்பது என்று கொடுத்திருப்பாள் என்று நான் விட்டுவிட்டேன். பிறகு என் வேட்டிகளைக் காணோம். வெளுக்கப் போட்டிருப்பாள் என்று கைலியோடு வகுப்புக்குப் போனேன். அன்றுதான் டீச்சர் எனக்கு இரண்டாம் புத்தகம் கொடுத்தார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, காப்பி போடு புள்ள என்றால், அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பல்லி உட்கார்ந்திருக்கிறது.

"அடுப்பு எங்க?"

"கிருஷ்ணம்மா தூக்கிட்டுப் போயிருச்சு."

"அது எதுக்குத் தூக்குச்சு?"

"நான்தான் குடுத்தேன். ஏரோப்ளேன்ல அடுப்பக் கட்டிக்கிட்டா போவ முடியும்?"

"ஏரோப்ளேன்ல யாரு போறா?"

"என்னாங்க இது, சாமி போகச் சொல்லிருச்சுல்ல?"

"இருக்கச் சொல்லிச்சு."

உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் செருகினால் என்ன அர்த்தம் என்பது உனக்குத் தெரியும்.

"நீங்க என்னத்த நெனச்சீங்க?"

"இருக்கலாமான்னு."

"அட பாவி மனுஷா, நான் போலாமான்னுல்ல நெனச்சேன்."

"அப்ப, உங்க இஷ்டம்னு சொன்னியே?"

"சொன்னா? ஒங்க இஷ்டம்னு சொன்னா என் இஷ்டம் என்னான்னு தெரிஞ்சுக்க வேணாமா? அங்க ஒரு பொண்ணு தாயில்லாம புள்ள பெக்கப் போவுது. எண்ண தேச்சு ஊத்த ஆளில்ல, மொளகு ரசம் வச்சுக் குடுக்க ஆளில்ல. நீங்க அஞ்சாறு எழுத்தக் கட்டிக்கிட்டு இங்க ஒக்காந்திருக்கப் போறீங்களா?"

எழுத்து அஞ்சாறு இல்லை, நிறைய இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தானையைப் பார்த்து விட்டுவிட்டேன். அன்றைக்குக் காப்பி கிருஷ்ணம்மா வீட்டில், நம் அடுப்பில் போட்டு, நம் தூக்குச் சட்டியிலேயே வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

சரி, பூ கொடுத்தவரிடமே கேட்டுவிடுவோம் என்று நேற்றுச் சாயங்காலம் மறுபடி முனியாண்டியிடம் போனோம். பள்ளி விடுமுறையாம், பாலம் முழுக்க வண்டியாம், அரை நாள் வேலை முடிந்து வருவதாகச் சொன்ன செல்வா வரவேயில்லை. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கொசுவுக்குப் படையல் வைத்தோம். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைக் கழுவி, திருநீற்றை அள்ளியதுதான் தாமதம், சாமி வந்துவிட்டது. வழக்கமாக உடுக்கை அடித்துக் கெஞ்ச வேண்டும். நேற்று பாலத்திலேயே பாதி வந்திருந்தது போல.

"சுருட்டு எங்கடா ஐயாசாமி?"

பற்ற வைத்துக் கொடுத்தேன். "சாமி, போன வாரம் வெள்ளைப் பூ குடுத்தீங்களே, அது எனக்கா, அவளுக்கா?"

"கேட்டவங்களுக்கு."

"ரெண்டு பேருந்தான் கேட்டோம் அப்பா" என்றாள் உன் அம்மா. "போறதா, இருக்கிறதா, ஒத்த வார்த்தையில சொல்லிடு. கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போயி இன்னும் கொழம்பு வைக்கணும்."

சாமி சுருட்டை இழுத்து இழுத்து யோசித்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. சாமி பெருமூச்சு விட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. "ஏம்மா, தெனம் பாலத்துல போயிட்டுப் போயிட்டு வர்றவன் மேல எறங்கியிருக்கேன். என்கிட்ட வந்து போகவா இருக்கவான்னு கேக்கறியே. காலையில போன்னு தோணுது, சாயங்காலம் ஏண்டா போனோம்னு தோணுது. எனக்கே ஒன்னும் புரியல. போறவ போ. இருக்கிறவன் இரு. ரெண்டு பேருக்கும் சரின்னுதான சொன்னேன்."

குளிர்ச்சியாக ஒரு ஸ்டவுட் பீர் பாட்டில் கேட்டுவிட்டு மலை ஏறிவிட்டது. செல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, சாமி என்னா சொல்லிச்சு?" என்றான். "ஒன்ன வேற வேலை தேடச் சொல்லிச்சு" என்றேன்.

ஆகவே முடிவு இதுதான். உன் அம்மா வருகிறாள். நான் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பிரிந்து இருந்தது கிடையாது, நீ பிறந்தபோதுகூட நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தேன். இருந்தாலும் சாமி வாக்கு. அவளை விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார வைக்கச் சொல்லாதே, காற்று வரவில்லை, திறங்கள் என்பாள். மிளகும் பூண்டும் பெருங்காயமும் கட்டி வைத்திருக்கிறாள், அங்கே விமான நிலையத்தில் பிடுங்கினால் அதிகாரி பக்கம் பேசாதே, ஊர் திரும்பும்வரை சொல்லிக்காட்டுவாள். என் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், கிருஷ்ணம்மா நம் அடுப்பை எனக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ திரும்பி வந்துவிடு என்றும் நான் எழுத மாட்டேன். வந்து நீயும் செல்வாவுக்குப் பின்னால் பாலத்தில் நிற்பதற்கா? அவளுக்கு நான் தனியாகக் கடிதம் போடுவேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே, நீ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டு.

மருமகள் சுகமாகப் பெற்றுப் பிழைக்க முனியாண்டி துணை இருப்பார் என்று எழுதத்தான் நினைத்தேன். அவர் இருக்கும் நிலைமையைப் பார்த்துவிட்டதால் மாரியம்மனையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் துணை. உங்கள் மூவருக்கும், பிறக்கப் போவதையும் எண்ணித்தான் மூவர், என் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயாசாமி.
(இது கையெழுத்து. விரல் இல்லை.)

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவை நீயே அடித்துவிடு. நான் அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

நடந்தது இதுதான். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் உன் அம்மா வந்து, "எனக்குக் கடுதாசி போடறேன்னீங்களே, என்னான்னு போடுவீங்க?" என்றாள். வேறு தாளில் எழுதிக் காட்டினேன். "எனக்கு என்னா தெரியும், படிங்க" என்றாள். தாளை எட்டப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். முதல் வரி, அன்புள்ள தனலெட்சுமி. தாலி கட்டிய நாளிலிருந்து நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உனக்கே தெரியும். இந்தா, புள்ள, ரூபன் அம்மா, அவ்வளவுதான். எழுதும்போது கை கூசவில்லை, படிக்கும்போது வாய் கூசுகிறது. "என்னாங்க, எழுத்து மறந்துருச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தாளை மடித்துவிட்டேன்.

அப்போதுதான் யோசித்தேன். அங்கே இதை நீயல்லவா படிப்பாய். மருமகள் கேட்டுக்கொண்டிருக்க, பெற்ற தாயைப் பார்த்து, அன்புள்ள தனலெட்சுமி என்று நீ படிப்பாய். அதற்குக் கீழேயும் நாலு வரி இருக்கிறது, அதை நீ படிக்கவே கூடாது.

ஆகவே நானும் வருகிறேன். ஒரேயடியாகவா, பிள்ளை நடக்கும்வரைதானா என்பதை அங்கே வந்து பேசிக்கொள்கிறோம், இந்தத் தடவை வாய்விட்டு. என்றைக்குக் கிளம்புகிறோம் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் நீ அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டால், கடிதம் வந்து சேரும்வரை தெரியாத மாதிரியே இரு.