திரையில் வந்த ஏழு பெயர்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறவன் அடுத்தவர்களைப் பற்றி எதையும் எழுதிவைக்கக் கூடாது. கோழிக் கிறுக்கல் எழுதுகிறவனுக்காவது ஒரு பாதுகாப்பு உண்டு, யாருக்கும் புரியாது. என்னுடையது கடைசி பெஞ்சு வரைக்கும் கண்ணாடி போடாமலே தெரியும்.

நான் கணக்கு வாத்தியார். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில். இருபது வருஷம் சாக்பீஸ் தூளை மூக்கால் இழுத்தபடி நிம்மதியாக இருந்தேன். திடீரென்று எங்கள் தாளாளருக்கு நவீனம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு டேப்லெட், அதில் எழுத ஒரு பேனா. நாம் டேப்லெட்டில் எழுதுவது புரொஜெக்டர் வழியாக வகுப்பில் மாட்டிய பெரிய திரையில் அப்படியே விழும். சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்து அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாப்பிட்டதும் ரயிலேறிப் போய்விட்டான்.

சாக்பீஸ் வாத்தியார்களுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. தூங்குகிற பையன்மேல் சாக்பீஸ் துண்டை எறிவது ஒன்று. (முதல் வாரமே அந்த விலை உயர்ந்த பேனாவை எறிந்துவிட்டேன். பையன் கேட்ச் பிடித்துவிட்டான், நன்றாக இருக்கட்டும்.) தப்பாக எழுதினால் டஸ்டரைத் தேடாமல் உள்ளங்கையாலேயே துடைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் என்னைக் கவிழ்த்தது. டேப்லெட்டில் உள்ளங்கையால் துடைத்தால் எழுத்து அழியாது, பக்கம் புரண்டுவிடும். வட்டத்தின் பரப்பளவில் ஆரம்பித்து, ஒரு துடை துடைத்து, போன மாதம் நடத்திய வட்டிக் கணக்கில் போய் நிற்பேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இதற்கு என் மனைவி மாலதிதான் வழி கண்டுபிடித்தாள். என் பழைய சாக்ஸ் ஒன்றை வெட்டி, கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு உறை செய்து கொடுத்தாள். சாக்ஸ் பட்டால் டேப்லெட்டுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வகுப்பில் எனக்கு சாக்ஸ் சார் என்று பெயர் வந்தது, வண்டியும் ஓடியது. அப்படியே ஓட்டியிருக்கலாம்.

தனியார் பள்ளிகளில் பிப்ரவரி மாதம் ஒரு வேலை நடக்கும். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் அல்லவா? அதைக் கெடுக்கக்கூடியவர்கள் யார் யார் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்து, பெற்றோரைக் கூப்பிட்டு, தேன் ஒழுகப் பேசி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. பிள்ளைக்கு நல்லது என்றுதான் சொல்வோம். பட்டியல் எழுதவேண்டியவர் வகுப்பாசிரியர். அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர்.

பட்டியல் கேட்ட அதே வாரம் சனிக்கிழமை பெற்றோருக்கு மாதிரி வகுப்பு வைத்திருந்தார்கள். டேப்லெட்டில் எப்படிப் பாடம் நடக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் பட்டியலும் வேண்டும் என்றார் தாளாளர். காகிதத்தில் எழுதினால் ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். என் மேஜைக்குப் பூட்டு இல்லை. டேப்லெட்டுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. அதனால் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, மாதிரி வகுப்புக்குத் தயார் செய்திருந்த கணக்குக்கு அடுத்த பக்கத்திலேயே, நிறுத்தி நிதானமாக, என் அழகான கையெழுத்தில் எழுதினேன். (மூளை எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். மாலதி கேட்டாயிற்று.)

தலைப்பு: பத்தாம் வகுப்புக்கு அனுப்ப முடியாதவர்கள். கீழே ஏழு பெயர், பக்கத்தில் குறிப்பு. ‘அப்பா கோபக்காரர், தாளாளர்தான் பேச வேண்டும்.’ ‘மாமா கட்சிக்காரர், ஜாக்கிரதை.’ இந்த மாதிரி. கடைசிப் பெயர் கலைவாணி.

வானூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் அவள். மூன்றாவது பெஞ்சு. கணக்கில் மட்டும் தடுமாறுவாள். அம்மா பெயர் செல்வி. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொந்த நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடுகிறவர்கள். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் அந்தம்மா வந்து எனக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டினவர் யாரும் இல்லை, இது ஒன்று தாண்டிவிட்டால் போதும் என்பார். நான் பார்ப்போம் என்பேன். அவர் பெண்ணுக்கு நேராக நான் எழுதியது இதுதான்: ‘தேற மாட்டாள். அம்மா சாது, பிரச்சினை இருக்காது.’

அதை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீ ஆறிப்போய்விட்டதே என்றுதான் தோன்றியது.

மாதிரி வகுப்பு. பெற்றோர்கள் பின்பக்கமும் ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் கையில் கிழிந்த சாக்ஸோடு நிற்பதா என்று ஒரு கௌரவம் வந்தது பாருங்கள், கழற்றிப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சனியன் அங்கே பிடித்தது.

காரணிப்படுத்துதல் கணக்கு. யார் எழுந்து எந்த விடையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தோம். நடுவில் ஒத்திகையில் இல்லாத ஒரு கை உயர்ந்தது. கலைவாணி. இது என்ன புதுத் தொல்லை என்று பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, முதல் ரேங்க் பையனை எழுப்பினேன். அவன் சொல்ல நான் எழுத, கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்துவிட்டது. முகம் பெற்றோரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது. உள்ளங்கையால் ஒரு துடை.

“எல்லாரும் இதை நோட்ல எழுதிக்கங்க,” என்றேன், இன்னும் பெற்றோரைப் பார்த்தபடியே.

திரையில் வருவதெல்லாம் நோட்டில் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். தலைப்புக்கு அடியில் சிவப்புக் கோடுகூடப் போட்டார்கள். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. டேப்லெட்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். தாளாளர் எழுந்து நின்றதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், என்னைவிட அப்பாவி உண்டா? மூன்றாவது பெஞ்சில் கலைவாணியின் பேனா நின்றுபோனது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

அடுத்து நான் செய்ததெல்லாம் கோமாளித்தனம். பக்கத்தை மூடுகிறேன் என்று இரண்டு கையாலும் டேப்லெட்டை அமுக்கினேன். மூடவில்லை, எழுத்து பெரிதாயிற்று. இன்னும் அமுக்கினேன், இன்னும் பெரிதாயிற்று. ஏழு பெயர் போய், கடைசிப் பெயர் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. வேறு வழி தெரியாமல் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ‘தேற மாட்டாள்’ என்பது என் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது.

அதற்குள் பின்வரிசை வெடித்துவிட்டது. கோபக்கார அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். கட்சிக்கார மாமாவுக்குப் போன் போயிற்று. கல்வி அதிகாரியிடம் போகிறோம், கலெக்டரிடம் போகிறோம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் தாளாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே செல்வியம்மா மட்டும் மெதுவாக நடந்து என் மேஜைக்கு வந்தார்.

“சார், அந்தப் பேனாவ இப்பிடிக் குடுங்க.”

கொடுத்தேன். கை தானாகக் கொடுத்தது.

“எங்க சார் வெச்சி எழுதணும்?”

“லேசா வெச்சு இழுங்கம்மா,” என்றேன். உள்ளங்கை படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அதையும் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு நான் ஒழுங்காக நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

அவர் பேனாவை வைத்துத் தன் பெண்ணின் பெயரைக் குறுக்காக அடித்தார். திரையில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. ‘தேற மாட்டாள்’ என்பதையும் அடித்தார். அடுத்த வாக்கியத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார்.

“நான் சாதுன்னு எழுதிக்கீறீங்க. அது நெசந்தான் சார், இருக்கட்டும்,” என்றார். “டி.சி.ய நானே கேட்டு வாங்கிக்கினு போறேன். நீங்க அனுப்புனதா இருக்க வேணாம்.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போகாதீர்கள் அம்மா, நான் எழுதியது தப்பு, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஒரு வருஷம் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் துப்பில்லை எனக்கு. ஆபீஸில் டி.சி. எழுதும்போது, விலகுவதற்கான காரணம் என்ன போடுவது என்று கிளார்க் என்னைக் கேட்டார். பெற்றோர் விருப்பம் என்று போடச் சொன்னேன். கலைவாணி வெளியே படிக்கட்டில் நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கத்திய ஆறு வீட்டுப் பிள்ளைகளையும் தாளாளர் பத்தாம் வகுப்புக்கு அனுப்பினார். அனுப்பாமல் என்ன செய்வார்? ஆறு பேருக்கும் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்படி என்னைப் போட்டார். ஆறு பேரும் பாஸ். பள்ளிக்கு நூற்றுக்கு நூறு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் என் போட்டோவும் இருந்தது. ஏழு பேரில் போனவள் ஒருத்திதான், சாதுவான அம்மா பெற்ற பெண். பிரச்சினை இருக்காது என்று நான் எழுதியது அவ்வளவு துல்லியமாகப் பலித்தது.

கலைவாணியை அரசுப் பள்ளியில் சேர்த்தார்களாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். பத்தாவதில் அரையாண்டுப் பரீட்சைக்கு மேல் அவள் போகவில்லையாம். குயிலாப்பாளையம் பக்கம் ஒரு மெழுகுவத்திப் பட்டறையில் வேலை செய்வதாக அவள் ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான். கணக்குப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறாள் சார் என்றும் சொன்னான். அதை எதற்குச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் இது ஒரு பெரிய ஜோக். விசேஷத்துக்கு நாலு பேர் கூடினால் என் மச்சான் எழுந்து, சுவரோரம் கையை விரித்துக்கொண்டு நின்று நடித்துக் காட்டுவான். செல்வியம்மா வருகிற இடத்துக்கு முன்னால் கதையை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வராது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்த வருஷம் என் மகள் நந்தினி ஒன்பதாவது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் சாப்பிட உட்காரும்போது ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். “அப்பா, நான் தேறுவேனா மாட்டேனா, உன் அழகான கையெழுத்துல எழுதிக் குடுப்பா,” என்பாள். மாலதிக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வரும். நானும் சிரித்துக்கொண்டே ‘தேறுவாள்’ என்று பெரிதாக எழுதிக் கொடுப்பேன். நந்தினி கணக்கில் வாங்குவது கலைவாணி வாங்கியதைவிடக் குறைவு. ஆனாலும் அதை எழுத நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.