ஓரத்தில் எழுதியவர்

"இழுக்காம விஷயத்துக்கு வாக்கா. என்ன எழுதியிருக்கு?"

டாக்டரம்மா சோபாவின் மூலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா உறையைக் கிழித்து, திரும்பி வந்த விண்ணப்பத்தை எடுத்து, அதன் ஓரத்தில் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"'ஆராயப்படும் நபரின் பெயர் எங்கே? முகவரி எங்கே? ஆதாரம் இணைக்கவும்.' அவ்வளவுதான்டி."

டாக்டரம்மா என்பது வீட்டில் வைத்து, வெளியிலும் பரவிவிட்ட பெயர். பட்டம் இன்னும் வரவில்லை, பெயர் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து, தத்துவத்தில் ஆராய்ச்சி என்று தெரிந்ததும் அவளையே பாவமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முதல் தடவை, வேறொரு நிறுவனத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அன்றிலிருந்து உறை பிரிப்பது அக்காவின் இலாகா. வாசித்து முடித்ததும் காகிதத்தை உறைக்குள் போட்டு அப்படியே துணிப்பையில் திணித்துவிடுவாள். தங்கை அதன் முகத்தில் விழிப்பதே இல்லை.

தத்துவம் படிக்கிறவளுக்கு உதவித்தொகை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? அவளும் ஏறாத படி இல்லை. ஒரு நிறுவனம் ஆராய்ச்சியின் முடிவில் கையில் பிடித்துக் காட்டும்படி ஏதாவது பொருள் வருமா என்று கேட்டது. இன்னொன்று வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு டிக்கெட் மட்டும் தருவதாகச் சொன்னது, திரும்பி வந்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்பது அதன் கவலை இல்லை. மிச்சம் இருந்தது பல்கலைக்கழகத்தின் பழைய அறக்கட்டளை ஒன்றுதான். தத்துவமும் வரலாறும் இலக்கியமும் படிக்கிறவர்களுக்கென்றே யாரோ புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போனது. மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் வரும். அதுவும் கைவிட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து அத்தானின் டைல்ஸ் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். அத்தான் ஏற்கெனவே அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார்.

ஆனால் அவள் கலங்கியது நாற்காலிக்காக அல்ல, பென்சில்காரருக்காக.

மூன்று வருஷத்துக்கு முன் நூலகத்தில் தடிமனான ஒரு தத்துவப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இந்த உலகமே நம் மனத்தின் தோற்றம், வெளியே எதுவும் இல்லை என்று அறுநூறு பக்கத்துக்கு நிறுவியிருந்தார் ஆசிரியர். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'அப்படியானால் இதை அச்சடித்தது யார்?'

அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று. அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அதிலும் அதே பொடி எழுத்து, அதே கொக்கி போட்ட ழகரம். ஆன்மா அழியாது என்ற இடத்தில் 'ஆதாரம் எங்கே?' மனிதன் சுதந்திரமானவன் என்ற இடத்தில் 'எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?' தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். எத்தனை வருஷத்து உழைப்போ! பெயர் போடாமல், ஒருவரிடமும் காட்டாமல், உலகத்து மகா மேதைகளை எல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தார் ஒரு மனுஷர்.

துக்கத்தைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'அம்மா போய் இன்று ஒன்பதாம் நாள். இந்தப் பக்கத்துக்கு ஆதாரம் வேண்டாம்.' அதைப் படித்துவிட்டு அவள் நூலகத்திலேயே அழுதாள். அன்றே ஆராய்ச்சித் தலைப்பை மாற்றினாள். இப்படி ஒரு மூளை நம் காலத்தில், நாம் உட்காரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. அந்தக் கையெழுத்தை இருட்டில் காட்டினாலும் சொல்லிவிடுவேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவருக்கு முகவரி கேட்டால் எங்கே போவது? 'பெயர் தெரியாது, அதைத் தேடுவதுதான் ஆராய்ச்சி' என்று புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். அதுவும் பத்தே நாளில் திரும்பி வந்தது. நபர் உயிரோடு இருந்தால் சம்மதக் கடிதம், இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ் என்று அக்கா வாசித்தாள்.

சரி, ஆளையே வரவழைப்போம் என்று நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டினாள். பரிசு ஏதோ தருகிறார்கள் என்று நினைத்துப் பதினான்கு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பென்சிலையே கையோடு கொண்டு வந்திருந்தார். எழுதச் சொன்னதும் எல்லோருடைய ழகரமும் காலை வாரிவிட்டது.

அடுத்த தடவை, அப்படி ஒரு குறிப்பு இருப்பதற்கே நூலகரின் சான்று வேண்டும் என்று வந்தது. இதுதான் சுலபம் என்று அவள் குதித்தாள். நான்கு நாள் கண் விழித்து, புத்தகத்தின் எண், பக்கம், வரி என்று நாற்பது பக்கத்துக்குத் துல்லியமாகப் பட்டியல் தயாரித்து நூலகரிடம் கொடுத்தாள். அவர் முழுவதையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, இவ்வளவு புத்தகங்களைப் பாழாக்கியிருக்கிறானே பாவி என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். எங்கெங்கே அழிக்க வேண்டும் என்பதற்கு அவள் பட்டியல்தான் வழிகாட்டி.

தலைதெறிக்க உதவித்தொகைப் பிரிவுக்கு ஓடினாள். அவள் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பிரிவு அலுவலருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆதாரம் சார்'. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை சீட்டில் இருக்கவே மாட்டார், மற்ற நேரத்தில் சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். விண்ணப்பத்தை மறுபடி அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, நூலகருக்கு ஒரு வார்த்தை போன் பண்ணுங்கள் என்று கெஞ்சினாள்.

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டையுமா படிச்சீங்க?"

"ஒவ்வொண்ணும் மூணு தடவை சார்."

"தேவையில்லாத வேலை," என்றார், காது நுனி சிவக்க. "அழிச்சா அழிச்சிட்டுப் போறாங்க, விடுங்கம்மா."

கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும், இந்த மனுஷனுக்கு இல்லையே என்று வயிறு எரிய வீட்டுக்கு வந்தாள். ஆதாரம் கேட்பதில்கூட எத்தனை வித்தியாசம்! பென்சில்காரர் கேட்டால் அது ஞானம். இந்த ஆள் கேட்டால் அது வெறும் குடைச்சல்.

இரண்டாம் நாள் கடைசி உறை வந்தது. அக்கா மெதுவாக வாசித்தாள்.

"'இவரைப் பற்றி ஆராய அப்படி என்ன இருக்கிறது? வேறு நல்ல தலைப்பு தந்தால் உடனே பரிந்துரைக்கிறேன்.' ஏதாவது வேற தலைப்பு குடுத்துத் தொலையேன்டி. பணம் வருதுல்ல."

"மாட்டேன்க்கா. அதுக்கு டைல்ஸே வித்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அந்த உறையையும் திணித்த பையோடு நூலகத்துக்குப் போனாள். ஒரே ஒரு பக்கத்தையாவது கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பின்கட்டு அறையில் நூலக உதவியாளர் அம்மா ரப்பரும் கையுமாக, மூன்று நாளாக அதே வேலையாய் உட்கார்ந்திருந்தாள். மேஜையெல்லாம் ரப்பர் தூள். பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. நூற்றுத் தொண்ணூறு முடிந்துவிட்டதாம்.

இன்னும் அழிக்காத அடுக்கில் அந்தத் துக்கப் புத்தகமும் இருந்தது. டாக்டரம்மா அதை எடுத்து ஒன்பதாம் நாள் பக்கத்தைப் பிரித்தாள். அவ்வளவுதான், கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினாள். உறை நழுவிக் கீழே விழுந்து, விண்ணப்பம் வெளியே சரிந்தது.

உதவியாளர் அம்மா குனிந்து எடுத்தாள். எடுத்தவள் அதன் ஓரத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இதுலயும் அவருதான் எழுதியிருக்காரு. ஆனா உங்க பட்டியல்ல இது இல்லையே. இதையும் அழிச்சிடட்டுமா?"