உச்சிப் பொழுதுத் துணை

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, யூனிஸ் டீச்சரம்மா சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடினாள். உடனே கதவு தட்டப்பட்டது. முக்கூடலுக்குக் குடிவந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"யாரு?"

"நான்தான் டீச்சரம்மா. தொணைக்கு வந்திருக்கேன்."

தேவாலயத்து உபதேசியார் மனைவி எலிசபெத். கையில் பனையோலை விசிறி, கக்கத்தில் சுருட்டிய பாய்.

"எனக்கு எதுக்கும்மா தொணை?"

"உச்சிப் பொழுதுல்லா? ஆத்தங்கரை வேற. அந்த மருதமரத்துல ஒண்ணு இருக்காம். ஒத்தைப் பொம்பளைன்னா விடாதாம்."

"உபதேசியார் பெண்டாட்டி பேயை நம்பலாமா?"

"நாம நம்பலை டீச்சரம்மா. அது அதுக்குத் தெரியணுமே" என்று சொல்லிக்கொண்டே எலிசபெத் பாயை விரித்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

யூனிஸுக்குச் சுருக்கென்றது. பயமாம், அவளுக்கு.

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். பரீட்சை பார்க்க வெள்ளைக்காரத் துரை வந்து நின்றாலும், நடத்துகிற பாடத்தை முடித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து வழியனுப்பி வைத்தாள். "வயசான காலத்துல யாரு ஒனக்குக் கஞ்சி ஊத்துவா?" என்று கேட்டவர்களோடு அவள் வாதாடியதில்லை. அதற்கான பதிலை வாயால் சொல்லாமல் செங்கல்லால் கட்டினாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் ஆற்றைப் பார்த்த மனை. சில வருஷம் கழித்து, தண்ணீருக்கு யார் தயவும் வேண்டாமென்று ஒரு கிணறு. அப்புறம் ஓட்டு வீடு. கொல்லையில் தென்னை, முருங்கை, ஒரு எலுமிச்சை.

நாற்காலியை மட்டும் பேட்டையில் ஆசாரியிடம் சொல்லிச் செய்தாள். "ஜோடியாப் போட்டுரட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"உக்காரப் போறது நான் ஒருத்தி."

அதைச் சொன்னபோது அவளுக்குத் தலையில் கிரீடம் வைத்தது போல இருந்தது. தன் வீடு, தன் கிணறு, மத்தியானத்தில் தன் தூக்கம். இத்தனை வருஷம் மணியடித்து எழுந்த உடம்பு இனிமேல் எந்த மணிக்கும் எழ வேண்டாம்.

அந்த ராஜ்யத்தில்தான் இப்போது எலிசபெத் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே யூனிஸ் ஒரு நாய் வாங்கினாள். கன்றுக்குட்டி உயரம்.

"இனிமே எனக்கு இது போதும் எலிசபெத். நீ ஒன் வீட்டு வேலையைப் பாரு."

நாய் எலிசபெத்தைப் பார்த்துக் குரைத்தது. காக்காயைப் பார்த்துக் குரைத்தது. எதிரே ஒன்றும் இல்லாதபோதும் குரைத்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெரு அன்னத்தாய் பாயோடு ஓடி வந்தாள்.

"என்னம்மா?"

"நாய் சும்மா குலைக்காது டீச்சரம்மா. அது கண்ணுக்கு என்னமோ தெரியுது. நானும் இங்கன இருக்கேன்."

அன்னத்தாய் கொண்டையை அவிழ்த்துவிட்டு, சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாள். நாய் அவள் பக்கத்திலேயே சுருண்டு தூங்கிப் போனது.

நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யூனிஸ் வேறு யோசனை செய்தாள். பயந்தவள் வாயில் பாட்டு வருமா? மறுநாள் மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஞானப்பாட்டு பாடினாள். கடைசி பெஞ்சை எட்டிப் பழகிய குரல் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போனது.

"பாவம், பயத்தை மறைக்கப் பாடுதாவ" என்று ஊர் சொன்னது. அன்று இன்னும் நாலைந்து பாய்கள் வந்தன. அவற்றில் ஒன்று சந்தனமாரியுடையது. மாமியார், நாத்தனார், புருஷன், பிள்ளைகள் என்று பெரிய குடும்பத்தில் வாக்கப்பட்டவள். வந்தாள், ஒரு மூலையில் படுத்தாள், போனாள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

யூனிஸுக்கு இப்போது தூக்கம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மானம் போகிறதே என்றுதான் இருந்தது. கஞ்சி போட்ட புடவையை உடுத்தி, குடையை விரித்து, சரியான உச்சிப் பொழுதில் ஊர் பார்க்க நடந்து போய் அந்த மருதமரத்தடியில் நின்றாள். மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். நிமிர்ந்த தலை குனியாமல் திரும்பி வந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. "மரம் கூப்பிட்டிருக்கு. டீச்சரம்மா தானா எந்திரிச்சுப் போயிருக்காவ."

அந்தப் பேச்சு வண்டியேறிச் சாத்தான்குளம் வரைக்கும் போய்விட்டது. அங்கே கருப்பட்டி வியாபாரம் செய்யும் அவள் தம்பி வேதநாயகம் ஒரு மத்தியானம் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அக்கா, சாமானைக் கட்டு. ஒத்தையில இருந்து பார்த்தது போதும். நம்ம வீட்டுல வந்து இரு. பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு, அடுப்படியிலயும் கொஞ்சம் கூடமாட இருந்தாப் பொழுது போயிரும்."

யூனிஸ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கட்டிய பதிலைத் தம்பி ஒரு வண்டியில் ஏற்றப் பார்க்கிறான்.

"எனக்கு ஒரு பயமும் கிடையாது வேதநாயகம். தினம் வருதாளுவ, இவளுவகிட்டயே கேட்டுக்கோ."

பாய்களில் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க அக்கா பயப்படுதாளாம்மா?"

"ரொம்பப் பயப்படுதாவ அண்ணாச்சி" என்றாள் எலிசபெத்.

"ஓலை விழுந்தாலே அலறுதாவ" என்றாள் அன்னத்தாய்.

யூனிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பரீட்சைத் துரைக்குக்கூட அப்படிச் சட்டென்று எழுந்ததில்லை.

"கேட்டியாக்கா? ஏறு வண்டியில."

"கூட்டிட்டு மட்டும் போயிராதீய அண்ணாச்சி" என்று எலிசபெத் குரலைத் தாழ்த்தினாள். "பிடிச்ச ஆளை எடம் மாத்தினா, அதுவும் கூட வண்டியில ஏறிக்கிடுமாம். இங்கன நாங்க இத்தனை பேரு தொணைக்கு இருக்கோம்லா?"

வேதநாயகம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். வண்டிக்குள் இருந்த காலி இடத்தையும் பார்த்தான்.

"அக்கா விருப்பம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றான். "பைய யோசிச்சுச் சொல்லட்டும்." வைத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டே போனான்.

யூனிஸ் கதவைச் சாத்தினாள்.

"எந்திரிங்க எல்லாரும்."

பள்ளிக்கூடத்துக் குரல். பாய்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

"நான் பயப்படுதேன்னு சொல்ல உங்களுக்கு எம்புட்டுத் துணிச்சல்? இப்பவே ஒங்க வீடு ஒவ்வொண்ணுக்கும் வருதேன். ஒங்க மாமியாமாரு, புருசமாரு எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, எனக்குப் பயமும் கிடையாது, ஒரு தொணையும் வேண்டாம்னு என் வாயாலேயே சொல்லப் போறேன்."

எலிசபெத் விசிறியைப் பார்த்தாள். அன்னத்தாய் தரையைப் பார்த்தாள். யூனிஸ் குடையைக் கையில் எடுத்தாள்.

இத்தனை நாள் வாய் திறக்காத சந்தனமாரி, மூலையிலிருந்து முன்னால் வந்து கதவை மறித்து நின்றாள்.

"அப்படி மட்டும் சொல்லிராதீய டீச்சரம்மா. உங்களுக்குப் பயம்னு சொல்லித்தான், நாங்க வீட்டை விட்டு வந்து உங்களை மாதிரி ஒரு நாழியாவது காலை நீட்டிப் படுக்கோம்."