நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய மாப்பிள்ளை

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் அவரும் குழந்தையும் சௌக்கியம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தங்கைக்குப் பார்த்திருக்கும் பையன் என் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறார், குணம் எப்படி என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது என்றீர்கள். தங்கைக்கும் பிடித்துப்போயிற்று என்றீர்கள். அதனால்தான் நன்றாகத் துருவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பதினாறு வருடமாக மற்றவர்கள் எழுதிய கணினி நிரலைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். பக்கத்து மேஜைக்காரி, "தங்கமான பையன்க்கா, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றாள். அத்தனை நல்லவர்கள் யாரையும் எனக்குப் பழக்கமில்லை. ஆளை விசாரிப்பதைவிட வேலையை விசாரிப்பது மேல் என்று, அவர் பொறுப்பில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தைத் திறந்தேன். மருத்துவமனை முன்பதிவுக்கான மென்பொருள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதிய சோதனை நிரல்களை ஓட்டினால் நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை; எல்லாம் தேர்ச்சி. கவரேஜ், அதாவது நிரலில் எத்தனை வரிகளைச் சோதனைகள் ஓட்டிப் பார்த்தன என்கிற கணக்கு, தொண்ணூற்றெட்டு சதவீதம். அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

"கவரேஜ் பிரமாதமா இருக்கே தம்பி?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, "அந்த நம்பரை நம்பாதீங்கக்கா" என்றார். தன் சரக்கை நம்பாதே என்று எந்தக் கடைக்காரன் சொல்வான்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

உள்ளே போய்ப் பார்த்தேன் சித்தப்பா. முன்பதிவை ரத்து செய்யும் சோதனை, ரத்து செய்கிறது. ரத்தானதா என்று மட்டும் கேட்கவே இல்லை. வீடு பார்க்கப் போனவர் எல்லா அறைக்குள்ளும் நுழைந்து வந்து, ஒரு குழாயைக்கூடத் திறக்காமல் 'பார்த்தாச்சு' என்பது போல. என் கணினியில் இருந்த பிரதியில், மென்பொருளிலிருந்தே ரத்து செய்யும் வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை. இந்த லட்சணத்தில் அறுபத்து மூன்று சோதனைகள். எழுதிய ஆளுக்கு வெட்கமே கிடையாது. நாளைக்கு நம் பெண் காய்ச்சலில் படுத்தால், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ரகம் இது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தங்கை அழுதால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

சித்திக்கு என் வணக்கம். தங்கைக்கு என் ஆசி, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: சாட்சிக்கு இருக்கட்டும் என்று, எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்ற பதிவை எடுத்தேன். அறுபத்து மூன்றையும் எழுதியது நான். மூன்று வருடத்துக்கு முன், பிரசவ விடுப்புக்கு முந்தைய வாரம். கவரேஜ் எண்பதுக்குக் கீழே போனால் அலுவலகக் கணினி நிரலை ஏற்றுக்கொள்ளாது என்பதால் அவசரத்தில் அள்ளித் தெளித்தது; விடுப்பில் போனதும் மறந்தே போனேன். அந்தப் பையனிடமே போய்க் கேட்டேன். "தெரியும்க்கா. தினம் ரெண்டு ரெண்டா சரி பண்ணிட்டு வர்றேன். உங்க கண்ணுல பட்டா சங்கடப்படுவீங்கன்னுதான் மூடிட்டேன். மேனேஜர்கிட்ட உங்க பேரைச் சொல்லாம, பழைய புரோகிராம்னு மட்டும் சொல்லியிருக்கேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம். எழுதினால் என்னையும் நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள் சித்தப்பா.