ஹொரமாவு கிஷோர் முன்சக்கரங்களை எழுப்பிய படலம்

வாழி, ஹொரமாவு கிஷோர். திருப்பத்தூரில் பிறந்து, பெங்களூரின் ஹொரமாவுப் பகுதியில் பிழைத்து, ஐந்தாம் மாடியின் மூன்றாம் கதவுக்கு உரிமை பூண்டு, இரண்டு டன் இரும்பைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்ட பெருந்தகையே, வாழி. மடிக்கணினி சுமந்து முதுகு வளைந்தோனே, மாதத் தவணை சுமந்து மேலும் வளைந்தோனே, நின்றபடி கூட்டம் நடத்தி உட்கார்ந்தபடி வருந்துவோனே, உன் புகழ் பாடுமுன் காப்பாகச் சிலவற்றை வணங்குகிறேன். தோண்டப்பட்ட வீதிகளை வணங்குகிறேன். மூடப்படாத குழிகளை வணங்குகிறேன். வேலை நடப்பதாகச் சொல்லும் பலகை மட்டும் நின்று, வேலை மட்டும் எங்கோ போய்விட்ட முச்சந்திகளை வணங்குகிறேன். அவை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவனுடைய தேரின் பெருமையைக் கேளுங்கள். கார்முகில் வண்ணத்தது, ஏற ஒரு படியும் இறங்க ஒரு துணிச்சலும் வேண்டுவது, அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் தன் இடத்தையும் பக்கத்து இடத்தில் ஒரு முழத்தையும் ஆள்வது. அதன் கியருக்கு அருகே, அரசன் விரல் மோதிரம்போல், வட்டத் திருகு ஒன்று இருந்தது. அதை ஒரு சொடுக்குத் திருகினால் வண்டிக்கடியில் ஒரு மோட்டார் முனகி எழுந்து, பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களையும் வேலைக்கு இழுக்கும், டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும் என்று வண்டியோடு வந்த கையேடு உரைத்தது. நான்கு சக்கரமும் தள்ளும் வண்டிக்குச் சேறென்ன, மணலென்ன, மலையென்ன. அந்த ஒரு திருகுக்காகவே கிஷோர் அந்த வண்டியை வாங்கினான். வாங்கிய இரண்டு ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடத் திருகியதில்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் நகராமல் நிற்பதற்கு இரண்டு சக்கரங்களே போதுமானவையாக இருந்தன.

பயன்படுத்தாவிட்டால் என்ன, மதிக்காமல் இருந்தானா? ஆயுத பூஜைதோறும் வண்டியைக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, மாலை சூட்டி, ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் திருகுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம் சாற்றிக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அலுவலகத்தில் அவன் பேச்சை யாரும் முடிக்க விட்டதில்லை. வீட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அந்த உயர்ந்த இருக்கையில் அமர்ந்து மற்ற வண்டிகளின் கூரைகளைப் பார்க்கும்போது மட்டும்தான் தானும் ஓர் ஆள் என்று அவனுக்குத் தோன்றும். அந்த வண்டி மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

அவன் இல்லத்தரசி சௌம்யாவோ மென்பொருள் சோதனைப் பிரிவின் தலைவி. பிறர் செய்ததில் பிழை காண்பதற்காகவே மாதச் சம்பளம் பெறுபவள். அந்தக் கலையை வீட்டில் சம்பளம் இல்லாமலும் பயில்பவள். அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. ஆயினும் அவள் சாவியைக் கேட்கும்போதெல்லாம், "இது வெயிட்டான வண்டி, உனக்கு செட் ஆகாது," என்று நாயகன் அருளிவந்தான். இரண்டு ஆண்டுகளாக அவள் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து குழிகளை எண்ணிவந்தாள்.

இவ்வாறிருக்க, சென்ற சனிக்கிழமை மாலை வானம் பொத்துக்கொண்டது. தோழி ஷ்ரேயாவின் புதுமனைப் புகுவிழாவுக்கு, மயில்கழுத்து நிறக் காஞ்சிப் பட்டுடுத்திச் சௌம்யா புறப்பட்டாள். அடுக்ககத்தின் வாசலில், குழாய்க்கென்று சிலரும் கேபிளுக்கென்று சிலரும் சொல்ல, யார் தோண்டினார் என்று ஒருவருக்கும் தெரியாத பெருங்குழி ஒன்று, மழையருந்திச் சேற்றுக்கடலாய் விரிந்து கிடந்தது. "பயப்படாத, நம்மகிட்ட ஃபோர் வீல் இருக்கு," என்று முழங்கினான் கிஷோர். முழங்கியபடியே வண்டியை இறக்கினான். இறக்கியபடியே, இரண்டு ஆண்டுக் காத்திருப்பையெல்லாம் விரல்நுனியில் திரட்டி, அந்தத் திருகைத் திருகினான்.

பச்சை விளக்கு எரியவில்லை. மோட்டார் முனகவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் சுழன்று சுழன்று சேற்றை வாரி இறைத்துத் தமக்குத் தாமே குழி பறிக்க, முன்சக்கரங்கள் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமன்போல் கைகட்டி நின்றன. மூன்றே சக்கரம் கொண்ட ஆட்டோ ஒன்று ஓரமாய் வளைந்து அவர்களைக் கடந்து போனது. அதற்குள் இருந்த பயணி திரும்பிப் பார்த்துவிட்டும் போனார். முடிவில், தாகம் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட தண்ணீர் டேங்கர் ஒன்று கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. அதற்குள் சௌம்யா கதவைத் திறந்து, பட்டுப்புடவையோடு கணுக்காலளவு சேற்றில் இறங்கி, வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

புடவையை வாளியில் ஊறவைத்தபின் அவள் தீர்ப்புரைத்தாள்.

"பீன்யாவுல லேத் பட்டறை வெச்சிருக்காரே நாகேஷ், ஆறு மாசமா இந்த வண்டியக் கேக்குறாரு. நாளைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள நாலு சக்கரமும் சுத்துதுன்னு நிரூபி. வண்டி இருக்கட்டும். இல்லேன்னா சாவிய அவர்கிட்ட குடுத்துடு."

கிஷோர் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினான்.

ஞாயிறு விடிந்தது. அடித்தள வாகன நிறுத்தத்தில் போர் தொடங்கியது. முதலில் தன் மென்பொருள் குலத்தாரின் ஆதி ஆயுதத்தை எடுத்தான்: வண்டியை அணைத்தான், மறுபடி இயக்கினான். பலிக்காமல் போகவே ஏழு முறை அவ்வாறே செய்தான். அடுத்து, வண்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அபயக்குரல் எழுப்பினான். பதினேழு பேர் பத்தொன்பது கருத்துகள் அளித்தனர். அவர்களுள் ஒருவர் தம் புது வண்டியின் படத்தை இட்டு வாழ்த்துப் பெற்றுக்கொண்டார். பின்னர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விளக்கொளியில் நோக்கி, நலமென்று கண்டு, திரும்பச் செருகினான். ஒன்று மிஞ்சியது. ஹாரன் அடிக்கவில்லை. அது எந்தப் பொந்துக்குரியது என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அத்துடன் ஓய்ந்தானா? சௌம்யாவின் யோகாப் பாயைத் தரையில் விரித்து, மார்பு மேல் கைபேசி விளக்கேந்தி, வண்டியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து நுழைந்தான். அங்கே இரும்பு நிறைய இருந்தது. அதில் எது எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

கடைசியில் பிரம்மாஸ்திரத்தைத் தொடுத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் கணினியோடு பேசி, அதன் நோயையெல்லாம் கைபேசிக்குச் சொல்லும் சிறு கருவி அது. திரையில் நீலவட்டம் சுழன்றது. குறை ஏதுமில்லை என்று வந்தது. மறுபடி கேட்டான். குறை ஏதுமில்லை. அவனை அதுவரை எதுவும் இவ்வளவு நோகடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாகவே இயங்குகிறது என்று எத்தனை வாடிக்கையாளர்களுக்கு அவன் எழுதி அனுப்பியிருப்பான். அந்தக் கடிதத்தைப் பெறுவது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மணி ஒன்றரை. சர்வீஸ் சென்டரை அழைத்தால் பதிவுக்குரல் திங்கட்கிழமையைப் பரிந்துரைத்தது. ஆகவே, ஜீவனஹள்ளியின் ரயில்பாதை ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் வீற்றிருக்கும் மெக்கானிக் ஓஸ்வால்டைச் சரணடையப் புறப்பட்டான். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் ஆதலால் சௌம்யாவும் உடன் ஏறினாள். வண்டி இரண்டு சக்கரத்தின் தயவில் போனது.

ஓஸ்வால்ட், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து பிரியாணி உண்டு, வெள்ளைச் சட்டை அழுக்காகாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட எண்ணியிருந்தவர். அவர்முன் கிஷோர் கைபேசியை விரித்து, செய்த சோதனைகள், கொண்ட ஐயங்கள், நீக்கிய ஐயங்கள், நீங்காத ஐயங்கள், அவற்றுக்கான அட்டவணை என்று அரை மணி நேரம் பேருரை ஆற்றினான். சௌம்யா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தினாள். ஓஸ்வால்ட் பொறுமையாகக் கேட்டார். அட்டவணையில் அவர் கண் நிலைக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஸ்வல்ப அந்தத் திருகத் திருப்புங்க, பாக்கலாம்."

திருப்பினான். காதை வண்டியின் அடிப்பக்கம் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தலையை நீட்டித் திருகின் அருகே மூக்கை வைத்தார். முகர்ந்தார். பின்னர் கிஷோரை ஏறிட்டு நோக்கினார்.

"பூஜை ஜாஸ்தியா சார்?"

வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்து, தட்டை முனை ஸ்குரூ டிரைவருக்குத் துணி சுற்றி, நகத்தில் அழுக்கெடுப்பதுபோல் மெல்ல நெம்பினார். திருகு கழன்றது. ஆகா, அதனுள்ளே என்ன கண்டனர். இரண்டு ஆயுத பூஜைகளின் சந்தனம் பன்னீரோடு இறங்கி, குங்குமத்தோடு குழைந்து, கோடையில் காய்ந்து, மழையில் நனைந்து, மீண்டும் காய்ந்து, மின்சாரம் போகவேண்டிய செப்புத் தகடுகள் மேல் மஞ்சள் காரையாய்ப் பூசிக் கிடந்தது. வாசனை மட்டும் குறையவில்லை.

"கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல சார். ஃபோர் வீல் வேணும்னு நீங்க கேட்டதே அதுக்குப் போய்ச் சேரல. அது பாவம், இவருக்கு ரெண்டே போதும் போலன்னு சும்மா இருக்கு."

இவ்வாறு ஓஸ்வால்ட் திருவாய் மலர்ந்தார். ஃபியூஸ் பிடுங்கியோனும், பாய் விரித்துப் பாதாளம் புகுந்தோனும், பதினேழு பேரிடம் மன்றாடியோனுமாகிய நம் நாயகன் தலைகுனிந்தான். பகைவன் யாரும் இல்லை. கற்பூரம் காட்டிய கைதான் கழுத்தை நெரித்திருக்கிறது. சௌம்யா தேநீர்க் குவளைக்குள் சிரித்தாள். கிஷோருக்கு அது கேட்டது.

ஓஸ்வால்ட் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து, ஏதோ மருந்தைப் பீய்ச்சி, தகடுகளைத் தேய்த்து, ஊதி, துடைத்து, திருகை மறுபடி பொருத்தி, "இப்ப திருப்புங்க," என்றார். கிஷோர் பழக்கத்தில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். திருகினான். வண்டியின் வயிற்றிலிருந்து, பகல் தூக்கம் கலைந்தவர் முனகுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. தடக்கென்று ஏதோ உள்ளே பொருந்தியது. டாஷ்போர்டில் பச்சை விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி, பின் சிமிட்டாமல் நின்றது. கண்ணில் தூசி என்று கிஷோர் சொன்னான். மழைக்காலத்தில் தூசி ஏது என்று யாரும் கேட்கவில்லை. அவன் உண்மையில் அழுதுவிட்டான்.

மணி மூன்று. விளக்கு எரிந்தது போதாது. நான்கு சக்கரமும் சுழல்வதைச் சௌம்யா காணவேண்டும். போர்க்களம் தேடிக் காட்டுக்குப் போகவேண்டிய அவசியம் நம் மாநகரில் இல்லை. ஓஸ்வால்டின் பட்டறைக்கு எதிரிலேயே வீதியை வகிர்ந்து போட்டிருந்தார்கள். முழங்காலளவு அகழி, இருபுறமும் மண்மேடு, நடுவே காப்பி நிறத்தில் தேங்கிய நீர். கிஷோர் கச்சையை இறுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையை நோக்கி அடியெடுத்து வைத்தான். அப்போது பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள் சௌம்யா.

"நீ உக்காராத. சரி பண்ணவனே டெஸ்ட் பண்ணா அது டெஸ்டே இல்ல."

அது அவள் குலத்தின் சட்டம். அவனும் பத்து ஆண்டுகளாக அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே சம்பளம் வாங்குபவன். வெயிட்டான வண்டி என்ற பழைய மந்திரத்தை நாவின் நுனிவரை கொண்டுவந்தான். சௌம்யா அவனைப் பார்த்தாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

இருக்கையை முன்னே இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். துப்பட்டாவைத் தோளில் முடிந்தாள். வேங்கை குன்றிலிருந்து இறங்குவதுபோல் அவசரமின்றி அகழியில் இறங்கினாள். பின்சக்கரம் வழுக்கியது, முன்சக்கரம் பற்றியது. முன்சக்கரம் வழுக்கியது, பின்சக்கரம் தள்ளியது. சேறு இருபுறமும் சிறகாய் விரிய, ஓஸ்வால்டின் வெள்ளைச் சட்டையும் கிஷோரின் முகமும் ஒரே நிறம் எய்த, கருமுகில் வண்ணத் தேர் உறுமிக்கொண்டே அக்கரை மண்மேட்டில் ஏறி நின்றது. நான்கு சக்கரமும் சுழன்றன. பக்கத்துக் கடையில் முட்டை வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"ஒரு தடவை ஓடினது கணக்கு இல்ல," என்று அறிவித்துவிட்டு மீண்டும் இறங்கினாள். பின்னோக்கி வந்தாள். சாய்வாக இறங்கி நேராக ஏறினாள், நேராக இறங்கிச் சாய்வாக ஏறினாள், பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். இவ்விதம் ஒன்பது முறை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியிருந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அப்படியொரு சிரிப்பு இல்லை. அதைக் கண்டு கிஷோர் முதலில் மகிழ்ந்தான். ஐந்தாவது முறைக்குப்பின் லேசாகப் பயந்தான்.

மண்மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே கைபேசியை எடுத்தாள்.

"நாகேஷ் சார், நீங்க வர வேணாம். வண்டி குடுக்கறதா இல்ல. நல்ல வண்டி சார் இது. இனிமே நான் ஓட்டலாம்னு இருக்கேன்."

வென்றான் கிஷோர். உறங்கிய முன்சக்கரங்களை எழுப்பினான்; பீன்யாவிலிருந்து வரவிருந்த பெரும்பகையை வாசல் மிதிக்காமலே திருப்பினான்; தன் உயிரினும் இனிய தேரைத் தன் வீட்டு நிறுத்தத்திலேயே நிலைநாட்டினான். எட்டுத் திக்கும் முரசறைக; ஜீவனஹள்ளித் தகரக் கூரைகள் அதிர்க; தோண்டிய குழிகள் யாவும் அவன் கொற்றம் கூறுக; சேறு படிந்த அவன் திருமுகத்தை வெற்றித்திருமகள் வந்து துடைக்க.

திங்கட்கிழமை காலை கிஷோர் சௌம்யாவின் ஸ்கூட்டரில் ஆபீஸ் போனான்.