அத்தானின் வால்யூமை அழித்தவன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றதிலிருந்து நம் வரைபட அலுவலகத்தின் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. அக்காவும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்: சர்வர் என்பது ஆபீசுக்கே பொதுவான ஒரு பெரிய கிடங்கு. அதைப் பல அறைகளாகத் தடுத்திருக்கிறோம். அந்த அறைக்குத்தான் வால்யூம் என்று பெயர். யாருக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் கிடங்கு தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது. வேண்டாததை அழியுங்கள் என்று மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், மறுநாள் தொண்ணூற்றெட்டு. சரி, டைப்பிஸ்ட் அம்மாவின் வால்யூமில் கொஞ்சம் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அதைச் சுருக்கி வரைபடப் பிரிவுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அன்றைக்கென்று பார்த்து அந்த அம்மாவுக்கு ஐம்பது பக்க அறிக்கை. முப்பத்திரண்டாம் பக்கத்தில் இடமில்லை என்று திரையில் வந்ததும், "பதினெட்டு வருஷமா இங்க உழைக்கிறேன், எனக்கு இடமில்லையா?" என்று அழுதுவிட்டார். மேலாளர் ஓடி வந்து, "காலையிலேர்ந்து ஒரு படம் சேவ் ஆகல. நீ இங்க என்னதான்யா பண்றே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அந்த ரோஷத்தில் கிடங்கை மூலைமுடுக்கெல்லாம் துழாவினேன். "தேவையற்றவை, பழையது" என்று ஒரு வால்யூம் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. அடுத்தவர் கோப்பைத் திறக்கக் கூடாது என்று நீங்களே கற்றுக்கொடுத்ததால் திறக்கவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! "உரியவர் ஏழு நாளில் தெரிவிக்கவும், இல்லையேல் அழிக்கப்படும்" என்று அறிவிப்பு எழுதி, உரியவர் கண்ணில் படட்டும் என்று அந்த வால்யூமுக்குள்ளேயே வைத்தேன். உரியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாம் நாள் அழித்தேன். நிச்சயமாகவா என்று சர்வர் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். மேலாளர் கை கொடுத்தார்.

நேற்று அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் நாவலை அச்சுக்குக் குடுக்கப் போறாருடா. பதினோரு வருஷம் லஞ்ச் நேரத்துல உக்காந்து கையால எழுதினது. ஆபீஸ்ல படம் ஸ்கேன் பண்ற பெரிய மெஷின்லயே ஒவ்வொரு பக்கமா ஏத்தி வெச்சிருக்காராம். யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு தேவையற்றவைன்னு பேர் போட்டிருக்காரு, கில்லாடி! அடுத்த வாரம் எடுத்துக்க வர்றாரு."

"எழுதின காகிதம் வீட்ல இருக்குல்ல அக்கா?"

"வீடு மாத்தறப்போ நான்தான் தெரியாம பழைய பேப்பரோட போட்டுட்டேன். அவரு கோவப்படவே இல்லடா. உன் தம்பிகிட்ட ஒண்ணு பத்திரமா இருக்குன்னுட்டாரு."

அத்தான், நீங்கள் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கொல்கிறது. நான்கு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரின் பதினோரு வருடத்தை ஒரு விரலால் துடைத்துவிட்டேன். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உங்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. அந்த நாவல் ஒரு பொக்கிஷமாகத்தான் இருந்திருக்கும். உலகம் அதை இழந்ததற்கு நானே காரணம்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், என்னை மன்னிக்கும் அளவுக்குப் பெரிய மனதும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போதுதான் நினைவு வந்தது. எல்லா வால்யூமின் நகலும் பக்கத்துக் கட்டடத்திலிருக்கும் இன்னொரு சர்வருக்குப் போகிறது. ஒரு மாதம் இருந்துவிட்டுத் தானாக அழியும். ஓடிப்போய்ப் பார்த்தேன். இருக்கிறது, அத்தான்! வெள்ளிக்கிழமைவரை ஆயுள் இருந்தது. இழுத்து மீட்டுவிட்டேன். எல்லாப் பக்கமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, இந்த ஒரு தடவை மட்டும், திறந்தேன். கதாநாயகனுக்கு ஒரு மைத்துனன். சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்கிறான். ஆபீஸ் சாவியைத் தொலைக்கிறான். அறுநூறு பக்கத்தில் ஒரு காரியம்கூட உருப்படியாகச் செய்யவில்லை. பொக்கிஷம் என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைசி அத்தியாயம் மட்டும் வெறும் தலைப்போடு நிற்கிறது. இனிமேல்தான் எழுதப் போகிறீர்கள் போலிருக்கிறது. அதிலாவது அவன் எதையாவது ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தான் என்று ஒரு வரி போடுங்கள், அத்தான்.